மூச்சு வாங்கும் செவ்வாய்க்கிழமைகள்

ஜூன் 10, செவ்வாய்

ஜெபசீலி எழுதச் சொன்னாள், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபி பெண் அவள். நாகர்கோவில் பக்கம். தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன், எங்கே நின்றேன், மூச்சிரைப்பு பத்துக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டு வர வேண்டுமாம்.

என் பெயர் ராசாமணி. வயது ஐம்பத்தெட்டு. செம்மாம்பாளையம் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் சத்துணவு சமைத்தேன். பாதிக்கு மேல் விறகடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதியே நெஞ்சு போயிற்று என்று இப்போது சொல்கிறார்கள். மூச்சுக்குழாய் சுருங்கிப்போகிற நோய், பெயர் சி.ஓ.பி.டி. புதிதாக எந்த டாக்டர் வந்தாலும் முதலில் கேட்பது, “பீடி குடிப்பீங்களா?” என் பிறவியில் ஒரு ஊதுபத்தியைக்கூட வாயில் வைத்ததில்லை.

இன்று ஜெபசீலி, “மருந்த எப்பிடி எடுக்குதீங்கன்னு ஒருக்கா காட்டுங்கம்மா” என்றாள். பையிலிருந்து கேப்சூலை எடுத்து வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கிக் காட்டினேன்.

அவள் என்னையே பார்த்தாள். “எத்தன வருஷமாட்டு இப்பிடி முழுங்குதீங்க?”

“மூணு வருஷமுங்க.”

“இதோட பிளாஸ்டிக் குழல் ஒண்ணு தரலியா?”

“குடுத்தாங்க. பீரோல பத்திரமா வெச்சிருக்கறன்.”

சிரிப்பாளோ அழுவாளோ என்று இருந்தது அவள் முகம். அந்த கேப்சூலை விழுங்கக் கூடாதாம். குழலுக்குள் போட்டுத் திருகி, வாயில் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். பொடி நெஞ்சுக்குப் போக வேண்டியது. மூன்று வருஷமாக வயிற்றுக்குப் போயிருக்கிறது. மாதாமாதம் கைநீட்டி வாங்கியிருக்கிறேன். எப்படிச் சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது.

ஜூன் 11

குழலில் இழுத்தேன். வாசல் கதவு வரை நடை. மூச்சு 7.

ஜூன் 16

தெருமுனை வரை நடை. ஒரு இடத்தில்தான் நின்றேன். காய்கறி வண்டிக்காரனோடு கத்தரிக்காய்க்காகச் சண்டை போட்டேன். முழுச் சண்டை, ஒரே மூச்சில். அவன் பயந்துபோய் இரண்டு காய் சேர்த்துப் போட்டான். மூச்சு 4.

ஜூன் 17, செவ்வாய்

செவ்வாய்தோறும் எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பயிற்சி. பயிற்சி நடப்பது மாடியில். நெஞ்சு நோய்ப் பிரிவு முழுக்க மாடியில்தான். கண்ணுக்கும் பல்லுக்கும் கீழே அறை. மூச்சு வாங்குகிறவர்களுக்கு மட்டும் இருபத்திரண்டு படி ஏறி மாடி. லிப்ட் கிடையாது.

ஆறாவது படியில் நின்றுவிட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபோது மேலேயிருந்து ஒரு குரல்.

“ஏனுங்கம்மணி... ஒக்காருங்க... இது நம்ம... பெஞ்சுதானுங்.”

ஒன்பதாவது படியில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார், சொந்த வீட்டு வாசல் மாதிரி. பெயர் நாச்சிமுத்து. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் முப்பது வருஷம் வேலை. வடக்கே ராஜஸ்தான் வரை போனவராம். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் பேசுகிறார். ஆனால் பேச்சை விடுவதில்லை.

“தண்ணிக்கு முன்னால... புழுதி வருமுங்க... அந்தப் புழுதி பூரா... இங்கதான் இருக்குது” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். “அதுக்கு மேல... பீடி வேற. பொய் சொல்லக் கூடாதில்லீங்.”

இப்படி உண்மையை ஒத்துக்கொள்கிற ஆம்பிளைகள் குறைவு. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

ஜூன் 19

மோகன் போன் செய்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், என் ஒரே பையன். எப்போதும் போல, “நீ இங்க வந்துரும்மா” என்றான். அவன் வீடு மூன்றாவது மாடி. “ஒரு தடவ ஏறிட்டீன்னா போதும். அப்பறம் எறங்கவே வேண்டாம், எல்லாம் மேலயே இருக்குது.”

அவன் பாசமாகத்தான் சொல்கிறான். “பாக்கலாம் கண்ணு” என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மொத்தம் ஏழு பேர். சாயப்பட்டறையில் வேலை செய்த ஜைனம்பு அக்காதான் எல்லாருக்கும் மூத்தவர், அறுபத்தாறு. அவருக்கு வாயும் மூத்தது.

ஜெபசீலி மூச்சுவிடக் கற்றுத் தருகிறாள். ஐம்பத்தெட்டு வயதில் மூச்சுவிடப் படிக்கிறேன். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சுடுரசத்தை ஆற்றுகிற மாதிரி மெதுவாக ஊத வேண்டும். ரசம் என்று அவள் சொல்லவில்லை, மெழுகுவர்த்தி என்றாள். நான் ரசம் என்று வைத்துக்கொண்டேன், உடனே வந்துவிட்டது.

படியில் இறங்கும்போது ரிக்குக்காரர் ஒரு கதை ஆரம்பித்தார். பாலைவனத்து ஊர் ஒன்று. எண்ணூறு அடி போயும் புழுதிதான் வந்ததாம். முதலாளி வேலையை நிறுத்தி வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டார். இவர் மட்டும் துளைபோடும் கம்பி இன்னும் ஒரு ராடு இறக்கிப் பார்க்கலாம் என்றாராம். அதோடு மூச்சு முடிந்துவிட்டது.

“மீதி... அடுத்த செவ்வாய்ங்க.”

இரண்டு சுற்று அதிகமாக நடந்தேன். மூச்சு 4.

ஜூலை 1, செவ்வாய்

கல்லூரியிலிருந்து ஒரு பெண் தாள்களோடு வந்திருந்தாள். நெஞ்சு நோய்க்காரர்களுக்குக் கிடைக்காத தேவைகள் என்னென்ன என்று ஆராய்ச்சியாம். மருந்து, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ் என்று கட்டம் கட்டமாக இருந்தது.

ஜைனம்பு அக்கா சொன்னார்: “பேத்தி நிக்காவுல நான் முன்னாடி ஒக்காரோணும். இருமுனன்னா பக்கத்துல இருக்கறவ எந்திரிச்சுப் போகக் கூடாது. இது டிபி இல்ல, ஒட்டாதுன்னு மைக்குல யாராச்சும் சொல்லோணும்.”

நாச்சிமுத்து ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். “நான் பேசறப்ப... நிறுத்துனா... முடிஞ்சுதுன்னு நெனச்சு... நடுவுல பூந்தர்றாங்க. நடுவுல புகாத... ஆளு வேணுமுங்.”

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள். கெட்டிக்காரி.

நான், “கீழ ஒரு ரூம்பு வேணும்” என்றேன். இன்னொன்றும் தோன்றியது. அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

“எல்லாரும் எங்கிட்டச் சொல்லி என்னம்மா பிரயோசனம்?” என்றாள் அவள் போகும்போது. “பெரிய டாக்டர்கிட்டச் சொல்லுங்க.”

ஜூலை 2

நாச்சிமுத்துவின் கதையைக் கேட்க மறந்துவிட்டேன். எண்ணூறு அடியிலேயே நிற்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

தலைமை மருத்துவர் சற்குணம் நல்ல மனிதர்தான், ஓடிக்கொண்டே இருக்கிறவர். மாடிப்படி அடியிலேயே ஏழு பேரும் மறித்துக்கொண்டோம். கீழே அறை கேட்டு ஏழு பேரும் எழுதிய மனுவை நான் நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

“கீழ எடம் இல்லீங்களே அம்மா. மெதுவா ஏறுங்க. உக்காந்து உக்காந்து ஏறுங்க.”

சொல்லிவிட்டு இரண்டு படி தாண்டி ஏறப் போனார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. போன வாரம் ஜெபசீலி சொல்லியிருந்தாள், எங்கள் கஷ்டம் மற்றவருக்குப் புரிய வேண்டுமென்றால் ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னால் போதும் என்று. வரும் வழியில் ஜூஸ் கடையில் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

“டாக்டர், ஒரே ஒரு தடவ. இத வாயில வெச்சுட்டு, மூக்கப் பொத்திட்டு ஏறிப் பாருங்க. நீங்க மேல போயிட்டீங்கன்னா நாங்க வாயத் தொறக்கல.”

நர்சுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்ட்ராவை வாங்கினார். பல்வலிக்காக வந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஐந்து படி வரை விறுவிறுவென்று. எட்டில் வேகம் குறைந்தது. பத்தில் கைப்பிடியைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பதின்மூன்றாம் படியில் ஸ்ட்ராவைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். நாச்சிமுத்து போய்த் தன் துண்டால் அவருக்கு விசிறினார்.

டாக்டர் நாலு தடவை மூச்சை இழுத்து விட்டார். பிறகு கீழே பார்த்து, “அந்தப் பழைய கட்டில் போட்டு வெச்சிருக்கற ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

ஜைனம்பு அக்கா கைதட்டி, இருமி, மறுபடி கைதட்டினார்.

ஜூலை 15, செவ்வாய்

கீழே வந்துவிட்டோம்! வெள்ளை அடித்த வாசனை போவதற்கு இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்களாம், எங்களுக்காக. இன்று பத்தொன்பது பேர். படிக்குப் பயந்து ஒரு வருஷமாக வராமல் இருந்தவர்களெல்லாம் வந்திருந்தார்கள். ஜெபசீலிக்கு நாற்காலி போதவில்லை.

கதையும் முடிந்தது. அந்தக் கடைசி ராடு இறங்கியதும் பூமிக்கு அடியில் உறுமல் கேட்டதாம். வெள்ளைச் சேறு, பிறகு தண்ணீர், பனைமர உயரத்துக்கு. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே ஆடினார்களாம். இவரைத் தூக்கி ஒட்டகத்தின்மேல் வைத்தார்களாம்.

“அப்பறமுங்க?”

“விழுந்துட்டனுங்.”

முழு அறையும் சிரித்தது. நான் நடுவில் புகாமல் மூன்று வாரம் காத்திருந்து கேட்ட கதை இது.

ஜூலை 22, செவ்வாய்

நாச்சிமுத்து நீலச் சட்டை. பொத்தானெல்லாம் சரியாக இருந்தது. பள்ளிக்கூடம் வரை நடை, மூச்சு 3.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வேன் பிடித்து எல்லாரும் கொடுமுடிக்குப் போனோம். ஜெபசீலி ஆக்சிஜன் சிலிண்டரையும் தூக்கி வந்தாள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் என் கையால். ஜைனம்பு அக்கா எல்லாருக்கும் பிரியாணி. தாலிச்சரடு மாற்றுகிற கூட்டம், முளைப்பாரி, காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. இந்த மூன்று வருஷத்தில் நான் ஊர் எல்லையைத் தாண்டியது இன்றுதான்.

படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் பொரி வாங்கப் போனார்கள். ஜைனம்பு அக்கா வேண்டுமென்றேதான் எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன்.

நாச்சிமுத்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி போய் ஒன்பது வருஷம், பிள்ளைகள் இல்லை என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

“அம்மணி... நீங்க ஒரு வீட்ல... நான் ஒரு வீட்ல... ரெண்டு அடுப்பு... எதுக்குங்க?”

மோகன் அப்பா போய்ப் பதினாலு வருஷம். “பொரி வந்துருச்சுங்” என்றேன்.

நிஜமாகவே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பயிற்சி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு 5. காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவர் வரவில்லை. பத்து மணி வரை வாசலையே பார்த்தேன். பிறகு ஜெபசீலி வந்து சொன்னாள். அவர் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் குப்பையைக் கொளுத்தியிருக்கிறார்கள். காலையில் அந்தப் புகையில் மாட்டி, பேச்சு மூச்சில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இதே ஆஸ்பத்திரியில், நாலு அறை தள்ளி.

வார்டு வாசலில் இருந்தவர் தடுத்தார். “சொந்தக்காரங்க மட்டுந்தான். நீங்க என்ன ஒறம்பரைங்க அவருக்கு?”

நான் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. உள்ளே விட்டுவிட்டார்.

முகத்தில் மாஸ்க். நெஞ்சு கோழிக்குஞ்சு போல அடித்துக்கொண்டது. கண்ணில் பயம். எனக்கு அந்தப் பயம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “ரசம் ஆத்துங்க” என்றேன். நான் ஊதினேன், அவரும் ஊதினார். மத்தியானம் வரை இரண்டு பேரும் சேர்ந்து ரசம் ஆற்றிக்கொண்டே இருந்தோம்.

ஆகஸ்ட் 14

மாஸ்க்கை எடுத்துவிட்டார்கள். முதல் வார்த்தை: “வாசல்ல... என்னமோ... சொன்னீங்களாமே?”

வார்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

“ஆமாங்க” என்றேன். “ஒரு அடுப்பு போதும்.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் நாள். மோகனுக்கு நானே போன் செய்தேன். நாச்சிமுத்து என்று ஒருவர், நாங்கள் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், அவர் வீட்டுப்பக்கத்துக் குப்பைப் புகை அவருக்கு ஆகாது, அதனால் அவர் இங்கே வந்துவிடுவார், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு மூன்று தடவை ஹலோ சொன்னேன். எங்கள் பக்கம் டவர் சரியில்லை.

ஆகஸ்ட் 18

மோகன் கூப்பிடவில்லை. வேலையாக இருக்கும்.

ஆகஸ்ட் 20

மழை. வீட்டுக்குள்ளேயே நடை. போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 22

மருமகள் கிருத்திகா பேசினாள். “நாலு நாளா அவரு சரியாச் சாப்புடறதில்லீங்க அத்தை. ஞாயித்துக்கெழம வர்றாரு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “என்ன கலர் சேலைங்க எடுக்கறது?” என்று கேட்டாள். இவளை நான் இத்தனை நாளாகச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை பஸ்ஸில் வந்தான். தோசை வார்த்தேன், தொடவில்லை. “ஊருல என்னம்மா சொல்லுவாங்க?” என்று மட்டும் கேட்டான்.

“வா, கோயல் வரைக்கும் போயிட்டு வரலாம்” என்றேன்.

கோயில் அரை மைல் இருக்கும். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். மூன்று வருஷமாக மாத்திரையை விழுங்கியது, டாக்டர் ஸ்ட்ராவோடு படியேறியது, ஒட்டகம், கொடுமுடி. இரண்டு இடத்தில் நின்று, ஊதி, மறுபடி நடந்தேன். கோயில் முன்னால் வந்ததும் மோகன் நின்றுவிட்டான்.

“அம்மா. நீ பேசிக்கிட்டே நடக்கற.”

“ஆமா. அதுக்கு என்ன?”

“போன்ல ரெண்டு வார்த்த பேசிட்டு வெச்சுருவ. மூணு வருஷமா. எம்மேல கோவம்னு நெனச்சுட்டு இருந்தன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கோவமில்ல கண்ணு, மூச்சு இல்ல. அதச் சொல்றதுக்கும் மூச்சு வேணுமே.”

கோயில் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். கோயிலுக்கு வந்தவர்கள் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த நாச்சிமுத்து மத்தியானம் வந்தார். மோகனைப் பார்த்ததும் பதற்றத்தில் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றது. “தம்பி... உங்கம்மாவ... நான்... பத்தரமா...” அதற்குமேல் வரவில்லை. மோகன் வாயைத் திறக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. முழங்காலில் கை வைத்துக் காத்துக்கொண்டே இருந்தான். அவர் உதட்டைக் குவித்து மூன்று தடவை ஊதினார். “...பாத்துக்குவனுங்” என்று முடித்தார்.

“சரிங்க” என்றான் மோகன். “தோச சாப்புடறீங்களா? ரெண்டு பேருக்கும் சேத்து வாக்கச் சொல்றன்.”

செப்டம்பர் 4, வியாழன்

அம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். மயில்கழுத்துக் கலரில் சேலை. எல்லாம் கிருத்திகா. பயிற்சிக்கு வருகிற எல்லாரும் வந்துவிட்டார்கள். ஐயரிடம் ஜெபசீலி முன்கூட்டியே சொல்லியிருந்தாள், ஓமப்புகை வேண்டாம் என்று. விளக்கோடு முடித்தார். ஜைனம்பு அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து தாராளமாக இருமினார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பந்தியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பாயசமும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

இன்று மூச்சு எத்தனை என்று பார்க்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

மோகனும் கிருத்திகாவும் காலையில் கிளம்பினார்கள். வீடு சட்டென்று அமைதியானது. கல்யாணத்துக்கு வாங்கிய பலூன் பாக்கெட் ஒன்று மிச்சம் கிடந்தது. நான் மத்தியானத்துக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு சிவப்புப் பலூனை ஊத ஆரம்பித்தார்.

“எதுக்குங்க உங்களுக்கு இந்த வேல?”

கையைக் காட்டினார், பொறு என்று. ஊதுவார், நிறுத்துவார், கழுத்தைப் பிடித்துக்கொள்வார், மறுபடி ஊதுவார். கால் மணி நேரத்தில் கொய்யாப்பழம் அளவுக்கு வந்தது. என்னமோ இமயமலையைத் தூக்கிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். முடிச்சுப் போடப் போகும்போது விரல் வழுக்கியது.

பலூன் ஒரு அசிங்கமான சத்தத்தோடு கிளம்பிப் போய், சுவரில் மோதி, காலண்டரில் மோதி, நேராக ரசத்துக்குள் விழுந்தது.

இரண்டு பேரும் ரசச் சட்டியைப் பார்த்தோம். அவர் முதலில் ஆரம்பித்தார். பிறகு நான். சிரிப்பு இருமலானது, இருமல் சிரிப்பானது. நான் மேடையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தலாம் என்று நிமிர்ந்தால் ரசத்தில் சிவப்பாக அது மிதக்கிறது.

பக்கத்து வீட்டுச் சிவகாமிக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்டதோ, ஒரு கையில் நாற்காலியும் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்புமாக ஓடி வந்தாள். “ஐயோ, ரெண்டு பேருக்குமா? ஆம்புலன்சக் கூப்படறனுங்! அண்ணா, மூச்ச விடுங்க! அக்கா!” என்று அலறினாள். ஒன்றுமில்லை என்று சொல்ல எங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரு வார்த்தைக்குக்கூட மூச்சு இல்லை. அவர் கண்ணில் நீர் வழிய, கரண்டியால் பலூனை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதிலிருந்து புளித்தண்ணீர் சொட்டியது.

சிவகாமி பலூனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்தினாள், முடியவில்லை. எங்களுக்காகக் கொண்டுவந்த நாற்காலியில் கடைசியில் அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரசத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன், மூன்று பேருக்கு.